குளிரைத் தேடிப் போன பேராசிரியர்

சங்க மலருக்கு ஒரு கட்டுரை வேண்டும் என்று மலர்க் குழுவினர் கேட்டபோது, விடுதிச் சாப்பாட்டையும் வகுப்பறைக் குறும்புகளையும் மற்ற நண்பர்கள் எழுதி விடுவார்கள், நாம் வேறு ஏதாவது எழுதுவோமே என்று தோன்றியது. பாடப் புத்தகத்தில் ஒரே ஒரு வரியில் வந்து போகும் மனிதர் ஒருவரை எடுத்துக் கொண்டேன். 1911-ல் மீக்கடத்துத்திறனைக் கண்டுபிடித்தவர் ஹாலந்து நாட்டு விஞ்ஞானி காமர்லிங் ஓனஸ். இரண்டு மார்க் கேள்விக்கு இவ்வளவு போதும். நாமெல்லாம் அப்படித்தான் படித்தோம், எழுதினோம், பாஸும் செய்தோம்.

அந்த ஒரு வரிக்குப் பின்னால் ஒரே ஊரில், ஒரே ஆய்வுக்கூடத்தில் நாற்பது ஆண்டுகளுக்கு மேல் உழைத்த ஒரு வாத்தியாரின் கதை இருக்கிறது. மின்னல் மாதிரி ஒரு யோசனை தோன்றிப் புகழ் பெற்றவர் இல்லை இவர். பம்பு, வால்வு, கண்ணாடிக் குழாய், கம்ப்ரசர் என்று ஒவ்வொன்றாகச் சேர்த்து, ஆட்களைப் பழக்கி, ஒரு துறையையே செங்கல் செங்கலாகக் கட்டியவர். ஒரு கல்லூரியில் படித்தவர்களும் படிக்கிறவர்களும் கூடும் இடத்தில் பேச வேண்டிய கதை இதுதான் என்பது என் எண்ணம்.

சூளை முதலாளி வீட்டுப் பையன்

ஹைக்கே காமர்லிங் ஓனஸ் பிறந்தது 1853 செப்டம்பர் 21-ம் தேதி, ஹாலந்தின் வடக்கே உள்ள க்ரோனிங்கன் நகரில். அப்பாவுக்கு ஊருக்குப் பக்கத்தில் ஓட்டுச் சூளை. அம்மா ஒரு கட்டடக் கலைஞரின் மகள். வசதியான குடும்பம்தான். ஆனால் உழைப்பிலும் ஒழுங்கிலும் அந்த வீட்டில் சலுகையே கிடையாது. பையனுக்கு உடம்பு மட்டும் சிறு வயதிலிருந்தே கொஞ்சம் பலவீனம். நெஞ்சுச் சளித் தொந்தரவு ஆயுள் முழுக்க விடவில்லை.

1870-ல் உள்ளூர்ப் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். அடுத்த வருடமே உட்ரெக்ட் பல்கலைக்கழகம் நடத்திய போட்டியில் ஆவி அடர்த்தியைப் பற்றிக் கட்டுரை எழுதித் தங்கப் பதக்கம் வாங்கினார். அப்புறம் ஜெர்மனியில் ஹைடல்பெர்க். அங்கே ஆசிரியர்கள் யார் தெரியுமா? புன்சனும் கிர்ச்சாஃபும். நம்முடைய கெமிஸ்ட்ரி லேபில் எரிகிற பர்னருக்குப் பெயர் கொடுத்தவர் ஒருவர், மின்சுற்று விதிகளுக்குப் பெயர் கொடுத்தவர் இன்னொருவர். ஊருக்குத் திரும்பி 1879-ல் டாக்டர் பட்டம் பெற்றார். பூமி தன்னைத்தானே சுற்றுகிறது என்பதற்குப் புதிய நிரூபணங்கள் தருவதுதான் ஆய்வின் பொருள். ஃபூக்கோவின் ஊசல் பரிசோதனை, அதைவிடப் பொதுவான ஓர் இயக்கத்தின் ஒரு தனி வகையே என்று காட்டினார். அந்தச் சமயத்தில் டெல்ஃப்ட் நகரத் தொழில்நுட்பக் கல்லூரியில் உதவியாளராகவும் வேலை பார்த்தார்.

1882-ல் லைடன் பல்கலைக்கழகத்தில் பரிசோதனை இயற்பியல் பேராசிரியர் பதவி கிடைத்தது. வயது 29. நம்மில் பலர் அந்த வயதில் இரண்டாவது இன்க்ரிமென்ட்டுக்குக் காத்திருந்தோம்!

அளந்த பிறகுதான் பேச்சு

பதவி ஏற்ற அன்று அவர் ஆற்றிய உரையின் சாரம், அளவீட்டின் வழியாகத்தான் அறிவை அடைய முடியும் என்பது. ஒவ்வொரு இயற்பியல் ஆய்வுக்கூடத்தின் வாசலிலும் அதை எழுதி வைக்க வேண்டும் என்று ஆசைப்பட்டார். கேட்பதற்குச் சாதாரணமாக இருக்கிறது. ஆனால் அவர் அளக்க நினைத்தது சாதாரண விஷயம் இல்லை.

அப்போது ஆம்ஸ்டர்டாமில் இருந்தவர் வான் டெர் வால்ஸ். வாயுக்களின் அழுத்தம், கனஅளவு, வெப்பநிலை மூன்றையும் இணைத்து அவர் தந்த சமன்பாட்டை நாம் முதல் வருடத்திலேயே மனப்பாடம் செய்திருக்கிறோம். தகுந்த அளவுகோலில் வைத்துப் பார்த்தால் எல்லா வாயுக்களும் ஒரே மாதிரிதான் நடந்து கொள்ளும் என்றும் அவர் 1880-ல் சொல்லியிருந்தார். இது சரியா தவறா என்று எப்படிப் பார்ப்பது? ஆக்ஸிஜன், ஹைட்ரஜன் போன்ற எளிய வாயுக்களை மிகக் குறைந்த வெப்பநிலைக்குக் கொண்டு போய் அளக்க வேண்டும். அதற்குக் குளிர் வேண்டும். அதுவும் நிமிடக் கணக்கில் வந்து போகும் குளிர் இல்லை. மணிக்கணக்கில் ஆடாமல் நிற்கும் குளிர் வேண்டும்.

ஆக, ஓனஸ் குளிரைத் தேடிப் போனது சாதனைப் பட்டியலில் இடம் பிடிக்க அல்ல. ஒரு சமன்பாட்டைச் சோதிக்கத்தான். பக்கத்து அறையில் கோட்பாட்டு இயற்பியலுக்கு லோரன்ஸ் இருந்தார். ஒருவர் கணக்கு, ஒருவர் அளவு என்று லைடன் அப்போது வளர ஆரம்பித்தது. இந்த ஆய்வுக்கூடத்தில்தான் 1896-ல் ஜீமன், காந்தப் புலத்தில் நிறமாலைக் கோடுகள் பிரிவதைக் கண்டுபிடித்தார். அதற்காக அவருக்கும் லோரன்ஸுக்கும் 1902-ல் நோபல் பரிசு கிடைத்தது.

குளிரை உண்டாக்கும் முறை படிக்கட்டு மாதிரி. முதலில் மெத்தில் குளோரைடை அழுத்தித் திரவமாக்கி, அதைக் குறைந்த அழுத்தத்தில் ஆவியாக விடுவார்கள். அந்தக் குளிரில் எத்திலீன் திரவமாகும். எத்திலீன் ஆவியாகும் குளிரில் ஆக்ஸிஜன் திரவமாகும். ஒரு படியில் ஏறினால்தான் அடுத்த படி. 1890-களின் நடுவிலேயே திரவ ஆக்ஸிஜனையும் திரவக் காற்றையும் தாராளமாகத் தரும் நிலையம் லைடனில் தயாராகிவிட்டது. மற்ற ஊர்களில் சில துளிகள் பார்த்துச் சந்தோஷப்பட்டார்கள். இவரோ லிட்டர் கணக்கில் கேட்டார்.

ஊர் மக்களின் பயம்

இந்த இடத்தில் ஒரு சங்கடம் வந்தது. ஆய்வுக்கூடம் இருந்த இடத்துக்கு ஒரு பழைய கதை உண்டு. 1807 ஜனவரியில் வெடிமருந்து ஏற்றி வந்த படகு ஒன்று லைடன் கால்வாயில் வெடித்து, சுமார் 150 பேர் செத்துப் போனார்கள். ஒரு பேட்டையே தரைமட்டமானது. அந்தப் பாழிடத்தில்தான் பின்னால் ஆய்வுக்கூடம் கட்டினார்கள். அதற்குள்ளே அழுத்தம் ஏற்றிய வாயு உருளைகள் இருக்கின்றன என்று 1895-ல் தெரிந்ததும் நகராட்சி விழித்துக் கொண்டது. வல்லுநர் குழு, விசாரணை, கோப்பு என்று இழுத்து, அனுமதி கிடைக்க 1898 ஆகிவிட்டது. மூன்று வருடம்!

நகராட்சியைக் குறை சொல்லிப் பயனில்லை. தாத்தா பாட்டிகள் சொன்ன கதை அந்த ஊர்க்காரர்களின் மனதில் இன்னும் ஆறாமல் இருந்தது. லண்டனில் இதே துறையில் போட்டியாளராக இருந்த ஜேம்ஸ் ட்யூவர், ஓனஸின் வேலை தொடர வேண்டும் என்று ஆதரித்துக் கடிதம் எழுதினார் என்பதையும் சொல்ல வேண்டும். அந்த 1898 மே மாதத்தில்தான் ட்யூவர் உலகத்தில் முதல் முறையாக ஹைட்ரஜனைத் திரவமாக்கினார். நாம் வீட்டில் காப்பி ஊற்றி வைக்கும் தெர்மாஸ் பிளாஸ்க், ட்யூவர் திரவ வாயுக்களைப் பாதுகாக்கச் செய்த வெற்றிடக் குடுவைதான். ஓனஸ் முந்தியிருக்க வேண்டிய ஓட்டம் அது. அனுமதிக்குக் காத்திருந்ததில் பிந்திவிட்டார்.

நீலச் சட்டைப் பையன்கள்

வேறு யாராவது என்றால் சோர்ந்திருப்பார்கள். ஓனஸ் என்ன செய்தார்? 1901-ல் கருவி செய்வோருக்கும் கண்ணாடி ஊதுவோருக்கும் பயிற்சி தர ஒரு சங்கத்தையும் பள்ளியையும் ஏற்படுத்தினார். ஊர்ப் பையன்கள் பகலில் ஆய்வுக்கூடத்தில் நீல மேலுடை போட்டுக்கொண்டு வேலை பார்ப்பார்கள், தொழிலும் கற்றுக் கொள்வார்கள். நீலப் பையன்கள் என்றே அவர்களுக்குப் பெயர். கண்ணாடி வேலைக்குக் கெஸ்ஸல்ரிங், இயந்திர வேலைக்கு ஃப்ளிம் என்று இரண்டு கைதேர்ந்த ஆட்கள். ஒரு வெற்றிடக் குடுவையை உள்ளே தெரியும்படி வெள்ளி பூசாமல் செய்ய வேண்டுமா, விரல் தடிமனில் குழாய்க்குள் குழாய் வைத்து ஒட்ட வேண்டுமா, கெஸ்ஸல்ரிங்கின் மூச்சுக்குத் தெரியும்.

இன்னொரு பக்கம் லண்டனைப் பாருங்கள். ட்யூவர் மகா கெட்டிக்காரர், கை வேலையில் மன்னர். ஆனால் தனி ஆள். உதவியாளர்கள் சிலரே. வெடி விபத்துகளில் அவருடைய உதவியாளர்கள் இருவர் ஆளுக்கு ஒரு கண்ணை இழந்தார்கள். ஹீலியத்தைப் பற்றி அதிகம் தெரிந்த ராம்சேயும் லண்டனில்தான் இருந்தார். இருவருக்கும் பேச்சுவார்த்தையே சரியில்லை. திறமையில் குறைவில்லை, கூட்டு முயற்சியில்தான் குறை. ஓனஸ் மெதுவாக வந்தார். ஆனால் படையோடு வந்தார். 1906-ல் லைடனில் திரவ ஹைட்ரஜன் நிலையம் ஓட ஆரம்பித்தது. அது ஒரு நாள் வேடிக்கைக்கு இல்லை. கேட்கும்போதெல்லாம் தரும் நிலையம்.

இவர் காலத்து லைடனில் இடம் கிடைப்பதும் லேசில்லை. 1901-ல் வேலை தேடி அலைந்த ஓர் இளைஞன், உதவியாளர் வேலை கேட்டு ஓனஸுக்குத் தபால் அட்டை போட்டான். பதில் எழுத வசதியாக முகவரி எழுதிய அட்டையையும் இணைத்திருந்தான். பதிலே போகவில்லை. அந்த இளைஞனின் பெயர் ஆல்பர்ட் ஐன்ஸ்டீன்! அட்டை இப்போது லைடனில் உள்ள போர்ஹாவ அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அதே ஐன்ஸ்டீன் 1920-ல் லைடனுக்கு வருகைப் பேராசிரியராக வந்தார். விண்ணப்பத்துக்குப் பதில் வரவில்லையே என்று வருந்தும் இறுதியாண்டுத் தம்பி தங்கைகள் இதை ஞாபகத்தில் வைத்துக் கொள்ளட்டும்.

1908 ஜூலை 10

மிச்சம் இருந்தது ஹீலியம் ஒன்றுதான். 1868-ல் சூரிய ஒளியின் நிறமாலையில் தெரிந்து, 1895-ல் ராம்சே பூமியிலும் கண்டுபிடித்த வாயு. அது கிடைப்பதே அரிது. ஓனஸின் தம்பி ஆம்ஸ்டர்டாமில் வெளிநாட்டு வணிகத் தகவல் அலுவலகத்தில் இயக்குநர். அவர் மூலமாக அமெரிக்காவின் வட கரோலினாவிலிருந்து மோனசைட் மணல் மூட்டை மூட்டையாக வந்தது. நம் கன்னியாகுமரி மாவட்டத்து மணவாளக்குறிச்சிக் கடற்கரையில் கிடக்கிறதே, அதே மோனசைட் தாதுதான். மணலைச் சூடாக்கினால் உள்ளே சிக்கியிருக்கும் ஹீலியம் வெளியே வரும். அதைத் திரும்பத் திரும்பச் சுத்தம் செய்து சில நூறு லிட்டர் வாயு சேர்த்தார்கள்.

இயந்திரம் கட்டும் முன்பே ஓனஸ் ஹீலியத்தின் அழுத்த - கனஅளவு அளவீடுகளை எடுத்து, வான் டெர் வால்ஸ் சொன்ன ஒற்றுமை விதியைப் பொருத்தி, ஹீலியத்தின் மாறுநிலை வெப்பநிலை சுமார் 5 கெல்வின் இருக்கும் என்று கணித்துவிட்டார். இன்று நமக்குத் தெரிந்த அளவு 5.2 கெல்வின். குருட்டாம்போக்கில் குதிக்கவில்லை, ஆழம் பார்த்து இறங்கினார்.

முதல் நாளே 75 லிட்டர் திரவக் காற்று தயார். 10-ம் தேதி விடிகாலை 5.45-க்கு வேலை ஆரம்பம். மதியம் ஒன்றரை மணிக்குள் 20 லிட்டர் திரவ ஹைட்ரஜன். காற்று கொஞ்சம் உள்ளே கசிந்தாலும் அது உறைந்து குழாயை அடைத்து விடும். அவ்வளவுதான், மொத்தமும் போச்சு. மதியச் சாப்பாட்டுக்குக்கூட ஓனஸ் கையை எடுக்கவில்லை. மனைவி வந்து ரொட்டித் துண்டை வாயில் ஊட்டிவிட்டார். மாலை 4.20-க்கு ஹீலியம் சுழற்சி தொடங்கியது. வெப்பநிலை இறங்கியது, அப்புறம் ஓர் இடத்தில் நின்றுவிட்டது. குடுவைக்குள் ஒன்றும் தெரியவில்லை. சேர்த்து வைத்த ஹீலியமும் தீரும் நிலை. வேடிக்கை பார்க்க வந்த வேதியியல் பேராசிரியர் ஸ்ரைனமேக்கர்ஸ், கீழேயிருந்து விளக்கடித்துப் பார்த்தால் என்ன என்று கேட்டார். அடித்தார்கள். கண்ணாடிச் சுவரில் கத்தி முனை மாதிரி ஒரு திரவ விளிம்பு! குடுவை ஏற்கனவே நிறைந்திருந்தது; பார்க்கத்தான் தெரியவில்லை. கிடைத்தது சுமார் 60 கன சென்டிமீட்டர், ஒரு சின்ன டம்ளர். கொதிநிலை 4 கெல்வினுக்குச் சற்று மேலே, அதாவது மைனஸ் 269 டிகிரி சென்டிகிரேடு. எல்லாம் முடிய இரவு பத்து மணி ஆகிவிட்டது.

அன்று முதல் 1923 வரை, பதினைந்து வருடம், திரவ ஹீலியம் உலகத்தில் லைடன் ஒன்றில்தான் கிடைத்தது. 1923-ல் கனடாவின் டொரான்டோ நகரம் இரண்டாவதாக வந்தது. அவர்களுக்கும் வரைபடம் கொடுத்து உதவியது லைடன்தான்.

பாதரசம் தந்த அதிர்ச்சி

இனித்தான் நம் பாடப் புத்தக வரி வருகிறது. உலோகத்தைக் குளிரவைத்தால் மின்தடை குறையும் என்று எல்லோருக்கும் தெரியும். முழுக்கக் குளிர்ந்தால்? மூன்று கட்சிகள் இருந்தன. எலக்ட்ரான்களே உறைந்து போய் மின்தடை மறுபடி ஏறும் என்றது கெல்வின் பிரபுவின் கட்சி. படிப்படியாகப் பூஜ்யமாகும் என்றது ஒரு கட்சி. அசுத்தங்களால் ஓர் அளவோடு நின்றுவிடும் என்றது இன்னொன்று. ஓனஸ் வழக்கம் போல, வாதம் வேண்டாம், அளந்து பார்ப்போம் என்றார்.

பிளாட்டினமும் தங்கமும் ஓர் அளவோடு நின்றன. தங்கம் சுத்தமாக ஆக, நிற்கும் அளவும் குறைந்தது. அப்படியானால் மிகச் சுத்தமான உலோகம் வேண்டும். பாதரசத்தைத் திரும்பத் திரும்பக் காய்ச்சி வடிக்கலாம், எனவே அதுவே சரி. முடி போன்ற கண்ணாடிக் குழாய்களில் பாதரசத்தை நிரப்பி உறைய வைத்தார்கள்.

1911 ஏப்ரல் 8. குளிர்ச் சாதனம் ஃப்ளிம் கையில். வெப்பநிலை அளக்க டார்ஸ்மன். மின்தடை அளக்க கில்லஸ் ஹோல்ஸ்ட். பம்புகளின் அதிர்வு கால்வனாமீட்டரைக் கெடுக்காமல் இருக்க ஹோல்ஸ்ட் தூரத்தில் தனி அறையில் வீட்ஸ்டன் பாலத்தோடு உட்கார்ந்திருந்தார். ஆமாம், நாம் பிராக்டிகல் பரீட்சைக்குச் செய்த அதே வீட்ஸ்டன் பாலம்தான். பாதரசத்தின் மின்தடை ஏறக்குறைய பூஜ்யம் என்று அன்றைய குறிப்பேட்டில் பென்சிலால் எழுதப்பட்டிருக்கிறது. நல்ல குறிப்பேடு ஒரு நூற்றாண்டு தாண்டியும் சாட்சி சொல்லும் பாருங்கள்!

ஒரு நுணுக்கம் கவனிக்க வேண்டும். பூஜ்யம் வந்தது ஓனஸுக்குப் பெரிய ஆச்சரியம் இல்லை. படிப்படியாகப் பூஜ்யத்தை நெருங்கும் என்று அவரே ஒரு கணக்கு வைத்திருந்தார். அதிர்ச்சி மே மாதம்தான் வந்தது. மெதுவாக வெப்பநிலையை மாற்றி அளந்தபோது, மின்தடை சரிவாக இறங்கவில்லை, 4.2 கெல்வினுக்குப் பக்கத்தில் செங்குத்தாக விழுந்தது. மாடிப்படியில் இறங்குவதற்கும் மாடியிலிருந்து குதிப்பதற்கும் உள்ள வித்தியாசம். இது எந்தக் கணக்கிலும் இல்லாத சங்கதி. புதிய நிலை ஒன்றில் பாதரசம் நுழைந்துவிட்டது. 1912-ன் கடைசியில் வெள்ளீயமும் ஈயமும் அதே குணத்தைக் காட்டின. அதைவிட வேடிக்கை, சுத்தம் தேவை என்று தேடிப் போனார்களே, தங்கம் கலந்த பாதரசமும் மீக்கடத்தியாகவே இருந்தது! தேடிப் போன காரணம் தப்பு, கிடைத்த பொருள் நிஜம்.

நிறைவேறாத ஆசை

1913-ல் நோபல் பரிசு வந்தது. பரிசுக் குறிப்பில் திரவ ஹீலியம்தான் இடம்பெற்றது, மீக்கடத்தி இல்லை. அதே வருடம் சிகாகோவில் நடந்த குளிர்ப்பதன மாநாட்டில் ஓனஸ் ஒரு பெரிய கனவைச் சொன்னார். செம்புச் சுருளால் 1,00,000 காஸ், அதாவது 10 டெஸ்லா, காந்தப் புலம் வேண்டுமென்றால் திரவக் காற்றால் குளிரவைத்தாலும் ஒரு போர்க்கப்பல் கட்டும் செலவாகும். மீக்கடத்திச் சுருள் என்றால் வெப்பமே வராது, சின்ன இயந்திரமே போதும். ஈயக் கம்பியில் ஆயிரம் சுற்றுச் சுருளும் செய்தார்.

ஆனால் மின்னோட்டம் ஓர் அளவைத் தாண்டியதும் மீக்கடத்தும் குணம் மறைந்தது. கம்பியில் குறை இருக்கும் என்று நினைத்தார். 1914-ல் அளந்து பார்த்தபோது உண்மை தெரிந்தது. காந்தப் புலமே அந்தக் குணத்தைக் கொன்று விடுகிறது. ஈயத்துக்குச் சில நூறு காஸ் போதும். கேட்டதோ ஒரு லட்சம். எதை உண்டாக்க ஆசைப்பட்டாரோ அதுவே எதிரி. தன் கனவுக்கு விழுந்த அடியையும் அவர் மறைக்காமல் அளந்து அச்சிட்டார் என்பதைத்தான் நான் பெரிதாக நினைக்கிறேன்.

அதே 1914-ல் மூடிய ஈயச் சுருளில் மின்னோட்டத்தைத் தூண்டிவிட்டு, பேட்டரி எதுவும் இல்லாமல் அது மணிக்கணக்கில் ஓடிக்கொண்டே இருப்பதைக் காட்டினார். பக்கத்தில் வைத்த காந்த ஊசி அசையாமல் திரும்பியே நின்றது. கண்ணால் பார்த்த ஏரன்ஃபெஸ்ட் மலைத்துப் போய் லோரன்ஸுக்குக் கடிதமே எழுதினார். பின்னால் 1932-ல் இதே ஃப்ளிம், 200 ஆம்பியர் ஓடிக்கொண்டிருந்த ஈய வளையத்தைத் திரவ ஹீலியக் குடுவையோடு விமானத்தில் லண்டனுக்கு எடுத்துப் போய்க் காட்டினார்.

முதல் உலகப் போரில் ஹாலந்து நடுநிலை நாடு என்றாலும் ஹீலியத்துக்குத் தட்டுப்பாடு; வேலை தளர்ந்தது. போர்க்காலத்திலும் அதன் பிறகும் பகை நாட்டு விஞ்ஞானிகளை மீண்டும் பேச வைக்கவும், பட்டினி கிடந்த குழந்தைகளுக்கு உதவவும் ஓனஸ் பாடுபட்டார். 1922-ல் 0.83 கெல்வின் வரை இறங்கினார். 1926 பிப்ரவரி 21-ல் காலமானார். கடைசி வரை உறையாமல் ஏமாற்றிய ஹீலியத்தை அதே வருடம் ஜூன் மாதத்தில் அவருடைய மாணவர் கீஸம் அழுத்தம் கொடுத்துத் திடப்பொருளாக்கினார். வாத்தியார் நான்கு மாதம் இருந்திருக்கலாம்!

இறுதி ஊர்வலத்தைப் பற்றி லைடன்காரர்கள் ஒரு கதை சொல்வார்கள். நேரமாகிவிட்டதால் பக்கத்து ஊர் இடுகாட்டுக்கு வண்டி வேகமாகப் போக, கறுப்பு உடையில் பின்னால் வந்த ஆய்வுக்கூட ஆட்கள் மூச்சிரைக்க ஓட வேண்டியதாயிற்று. செத்த பிறகும் கிழவர் நம்மை ஓட வைக்கிறாரே என்று ஒருவர் சொன்னாராம். வேலை வாங்குவதில் அவர் எப்படி என்பதும், அந்த ஆட்களுக்கு அவர் மேல் இருந்த பாசமும் அந்த ஒரு கதையிலேயே தெரிந்துவிடும்.

யாருடைய பெயர்?

புகழ்ந்து மட்டும் எழுதினால் நியாயமாகாது. 1911 கட்டுரைகளில் ஆசிரியர் பெயர் ஓனஸ் ஒருவருடையதுதான். கால்வனாமீட்டரின் ஒளிப்புள்ளி பூஜ்யத்துக்குப் போவதைப் பார்த்த ஹோல்ஸ்டுக்கு நன்றி மட்டும் உண்டு. ஆசிரியர் வரிசையில் இடமில்லை. அந்தக் கால வழக்கம் அது என்று சொல்லலாம். வழக்கம் என்பது விளக்கம்தான், நியாயம் இல்லை. ஹோல்ஸ்ட் 1914-ல் பிலிப்ஸ் கம்பெனிக்குப் போய் அதன் புகழ் பெற்ற ஆய்வுக்கூடத்தின் முதல் இயக்குநரானார். அவருக்கு வாழ்க்கையில் குறையொன்றுமில்லை. ஆனாலும் நம் பாடப் புத்தகத்தில் அந்தப் பெயர் இல்லை. ஃப்ளிம், கெஸ்ஸல்ரிங் பெயர்களைக் கேட்கவே வேண்டாம்.

ஆனால் ஒன்று. கெஸ்ஸல்ரிங்கின் மூச்சும் ஃப்ளிமின் கையும் இல்லாமல் தன்னால் முடியாது என்று தெரிந்துதான் ஓனஸ் அவர்களுக்காகப் பள்ளி கட்டினார். பெயரைப் பங்கு வைக்கத் தெரியாதவருக்கு உழைப்பின் மதிப்பு தெரிந்திருந்தது. இரண்டையும் சேர்த்துத்தான் மனிதரை எடை போட வேண்டும்.

பின்னால் வந்தவை

1933-ல் மைஸ்னரும் ஆக்ஸன்ஃபெல்டும், மீக்கடத்தி தனக்குள்ளிருந்து காந்தப் புலத்தைத் தள்ளி விடுகிறது என்று காட்டினார்கள். மீக்கடத்தி ஏன் அப்படி நடக்கிறது என்ற கேள்விக்கு 1957-ல்தான் பார்டீன், கூப்பர், ஷ்ரீஃபர் மூவரும் விடை சொன்னார்கள். 1961-ல் அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில், நயோபியம் - வெள்ளீயக் கூட்டுப்பொருள் 8.8 டெஸ்லா புலத்திலும் மின்தடையின்றி ஏராளமான மின்னோட்டத்தைத் தாங்குவதைக் கண்டார்கள். ஓனஸ் சிகாகோவில் கண்ட கனவுக்கு உயிர் வர 48 ஆண்டுகள் ஆயின. 1986-ல் பெட்னார்ஸும் முல்லரும் புதிய வகைப் பீங்கான் மீக்கடத்திகளைக் கண்டுபிடிக்க, மறு வருடமே திரவ நைட்ரஜன் குளிரில், 77 கெல்வினுக்கு மேலேயே, வேலை செய்யும் பொருள் வந்துவிட்டது.

இன்று நம் ஊர் ஸ்கேன் சென்டரில் எம்.ஆர்.ஐ. எடுக்கப் படுக்கிறோமே, பெரும்பாலான இயந்திரங்களில் நம்மைச் சுற்றியிருப்பது நயோபியம் - டைட்டானியம் மீக்கடத்திச் சுருள். அதைக் குளிர வைப்பது திரவ ஹீலியம். ஜெனிவாவில் 27 கிலோமீட்டர் சுற்றளவுள்ள துகள் முடுக்கியில் துகள்களை வளைத்துத் திருப்ப 1232 பெரிய மீக்கடத்திக் காந்தங்கள் 1.9 கெல்வினில் இருக்கின்றன. லைடனில் ஒரு டம்ளராகக் கிடைத்தது, அங்கே டன் கணக்கில் ஓடுகிறது.

நம் கல்லூரிக்கு

லைடனில் அந்தப் பழைய ஆய்வுக்கூடத்துக்கு 1932-ல் ஓனஸின் பெயரையே வைத்தார்கள். இயற்பியல் துறை வேறு இடத்துக்குப் போய்விட்டது. அந்தக் கட்டடத்தில் இப்போது சட்டம் படிக்கிறார்கள். ஆனால் 1901-ல் அவர் தொடங்கிவைத்த கருவி செய்வோர் பள்ளி இன்றும் நடக்கிறது. ஹீலியம் இயந்திரம் அருங்காட்சியகத்துக்குப் போன பிறகும், கைவேலை சொல்லித் தரும் பள்ளி மட்டும் ஓய்வு பெறவில்லை.

இதை ஏன் இவ்வளவு வற்புறுத்துகிறேன் என்றால், பழைய மாணவர்கள் கூடினால் கல்லூரிக்கு ஏதாவது செய்வோம் என்று பேச்சு வரும். நுழைவாயில் வளைவு, கலையரங்கத்துக்கு நாற்காலி, பெயர் பொறித்த கல்வெட்டு என்றுதான் யோசனை ஓடும். தப்பில்லை. ஆனால் ஒர்க் ஷாப்பில் ஒரு நல்ல லேத், லேபில் நம்பத்தக்க அளவு கருவிகள், அவற்றைப் பழுது பார்க்கத் தெரிந்த இரண்டு பேருக்குப் பயிற்சி, சம்பளம் - இவற்றுக்கும் நன்கொடை தரலாமே! அங்கே கல்வெட்டு வைக்க இடமிருக்காது. அதனால்தான் யாரும் தருவதில்லை.

படிக்கிற தம்பி தங்கைகளுக்கு ஒரு வார்த்தை. ரெக்கார்டு நோட்டில் விடையை முதலில் எழுதிவிட்டு அளவுகளைப் பின்னால் நிரப்பும் கலை எங்கள் காலத்திலும் உண்டு. ஓனஸ் எதிர்பார்த்ததை எழுதியிருந்தால் மின்தடை சரிவாக இறங்கியது என்றுதான் எழுதியிருக்க வேண்டும். வந்ததை எழுதினார்கள், ஒரு புதிய இயற்பியலே பிறந்தது. உங்கள் வீட்ஸ்டன் பாலத்திலும் முள் எங்கே நிற்கிறதோ அதையே எழுதுங்கள். பக்கத்தில் நின்று கம்பியை மாட்டிக் கொடுக்கும் லேப் அட்டெண்டரின் பெயரையும் தெரிந்து வைத்துக் கொள்ளுங்கள்.